பிராணி தாய் உணவகத்தில் நாலாம் நம்பர் மேசை

எங்கள் ஊரில் பிராணி தாய் உணவகத்துக்கு முதல் வாரம் போனவர்கள் அத்தனை பேரும் பலகையைப் பார்த்து ஏமாந்தவர்கள். தாய் என்று எழுதியிருந்தால் கரூர்க்காரர்களுக்கு அம்மா என்றுதான் படும், அம்மா கைச் சாப்பாடு என்றால் வாழையிலையும் பருப்பும் நெய்யும் ரெண்டு பொரியலும் அப்பளமும் என்றுதான் தோன்றும், அப்படித் தோன்றிப் பசியோடு போய்க் கை கழுவி உட்கார்ந்தவர்கள் முன்னால் தேங்காய்ப் பாலில் மிதக்கிற பச்சைக் குழம்பும் இறால் கிடக்கிற ரசமும் உரலில் இடித்த பப்பாளிக்காயும் வந்து இறங்கின. இது என்னப்பா என்று கேட்டதற்குக் கல்லாவில் இருந்த லோகநாதன், "இது அந்தத் தாய் இல்லீங்க, தாய்லாந்துங்க" என்றான். லாந்து என்று எழுதப் பலகையில் இடமில்லாமலா போயிற்று என்று திட்டிவிட்டு, வைத்ததைத் தின்றுவிட்டு, வெளியே வந்து மறுபடியும் திட்டினார்கள்.

லோகநாதன் வேற்றூர்க்காரன் இல்லை, எங்கள் பக்கத்துத் தெருக்காரன்தான், பாங்காக்குக்குக் கரூர் பெட்ஷீட் விற்கப் போனவன், பதினொரு வருசம் கழித்து ஒரு பெண்டாட்டியோடு திரும்பி வந்தான். அவள் பெயர் பிராணி. அவர்கள் பாஷையில் அதற்கு இரக்கம் என்று அர்த்தமாம், எங்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெயரையே கடைக்கும் வைத்ததால் திறப்பு விழா அன்றைக்கு ஒருவர் மாட்டாஸ்பத்திரி என்று நினைத்துச் சினை ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்து அனுப்பினாள் பிராணி.

சமையலும் அவள்தான், பரிமாறுவதும் அவள்தான். இருமலுக்குத் தட்டிப் போடுகிற சித்தரத்தையைக் குழம்பில் போடுகிறாள் என்றார்கள், மாட்டுக்குப் போடுகிற புல்லைப் போடுகிறாள் என்றார்கள், எல்லாவற்றிலும் சர்க்கரை என்றார்கள், கரண்டியும் முள்கரண்டியும் கொடுத்துக் கையால் சாப்பிடுகிறவனை முறைக்கிறாள் என்றார்கள், அது மட்டும் பொய், அவள் யாரையும் முறைத்ததில்லை. எல்லாவற்றையும்விட எங்கள் ஊருக்குப் பொறுக்க முடியாதது அவள் பேசின விதம். லோகநாதன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த தமிழில் பாதியை விட்டுவிட்டான் போல, வயசில் மூத்தவர்கள் உள்ளே வந்தாலும் கையைக் கூப்பித் தலை குனிந்து "சவாதி கா" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே "உள்ள வா கா, உக்காரு கா, தண்ணி குடி கா" என்பாள். வா, போ என்று கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் கைகலப்பே வரும். "கும்புடறதெல்லாம் நல்லாத்தான் கும்புடறா, வாயத் தொறந்தா மரியாத இல்ல" என்று ஊரெல்லாம் பேச்சு.

வைகாசி மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த ஒரு வங்கி ஆபீசருக்குப் பின்னால் ஒரு காக்கையும் உள்ளே வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது, கால்மிதியில் இரண்டு காலையும் துடைத்தது, இரண்டாம் நம்பர் மேசைக்குப் போய் நாற்காலி முதுகில் ஏறி உட்கார்ந்தது. பிராணி அதற்கும் கை கூப்பி "சவாதி கா" என்றாள், தண்ணீர் வைத்தாள், மெனு அட்டையை விரித்து வைத்தாள். காக்கை தம்ளரை அலகால் இடது பக்கமாக நகர்த்தியது, திருப்தியில்லாமல் கொஞ்சம் வலது பக்கம் தள்ளியது, பிறகு மறுபடி இடது பக்கம். அடுத்த மேசையில் நூடுல்ஸைச் சுற்றத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த குமரவேல் அதைப் பார்த்துக் கரண்டியைக் கீழே போட்டு, "அப்பா" என்றான். மூன்று வருசம் முன்னால் இறந்துபோன கணக்கு வாத்தியார் திருமலைசாமிதான் அது, தம்ளர் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதற்கப்புறம் நாளுக்கு இரண்டு பேர், நாலு பேர் என்று வர ஆரம்பித்தார்கள். கா என்றால் எங்களுக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தானே எங்கள் வீட்டுச் செத்தவர்களுக்கும், அமாவாசைக்கு அமாவாசை மொட்டை மாடியில் சோற்றை வைத்துக் கா கா என்று நாங்கள்தானே பழக்கினோம், மாசத்துக்கு ஒரு தரம் கூப்பிடுகிற வீட்டைவிட நாள் பூராவும் கூப்பிடுகிற கடை அவர்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆடி அமாவாசை வந்தது. காலை பதினொரு மணியிலிருந்து ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் கா, கா என்று சத்தம், ஒரு மணிக்குப் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது, அணில் வந்தது, எறும்பு வந்தது, அடுத்த வீட்டுப் பூனை வந்தது, காக்கை மட்டும் ஒன்றுகூட வரவில்லை. பிராணி தாய் உணவகத்தின் முப்பத்தாறு நாற்காலியிலும் காக்கைகள் உட்கார்ந்திருந்தன, கதவுக்கு வெளியே வரிசை நின்றது, வரிசையில் காக்கையும் மனிதருமாக மாறி மாறி நின்றார்கள்.

எங்கள் ஊர் ஆச்சரியப்படுகிற ஊர் அல்ல, குறை சொல்கிற ஊர். போனில் நட்சத்திரம் போடுகிற இடத்தில் அந்தக் கடைக்கு வந்த எழுத்துகளை என் மகன் யோகேஸ்வரன் ஓசூரிலிருந்து படித்துக் காட்டினான். "செத்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை, உயிரோடு இருப்பவன் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒரு ஸ்டார்." "எங்கள் அப்பா சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர், அவருக்கு மீன் சாஸ் ஊற்றியிருக்கிறார்கள், கேட்டால் அவரே கேட்டாராம்" என்று குமரவேல் எழுதியிருந்தான். இன்னொருத்தி, "சாப்பாடு சுமார், எதிர் நாற்காலியில் என் மாமியார், ஒரு வாய் இறங்கவில்லை" என்று எழுதியிருந்தாள். பாகம் பிரிக்க வழக்குப் போட்டிருந்த அண்ணனும் தம்பியும் தங்கள் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, எந்த வயல் யாருக்கு என்று மாறி மாறிக் கேட்டார்கள், அவர் அலகில் நூடுல்ஸ் தொங்க இருவரையும் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார், அதற்கும் சேவை சரியில்லை என்றுதான் எழுதினார்கள்.

நான் பாவாயி. என் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் போர்மேனாக இருந்தார், போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அவரோடு முப்பத்தொரு வருசம் குடித்தனம். அத்தனை வருசமும் மூன்று வேளையும் நான்தான் ஆக்கிப் போட்டேன், அவர் வந்து உட்காருவார், தட்டின் விளிம்பை விரலால் மூன்று தரம் தட்டுவார், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார், கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் வரிசையாக அடுக்குவார், எழுந்து கை கழுவப் போய்விடுவார். நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. நன்றாயில்லை என்றாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இன்னொரு கரண்டி போடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் இறந்த அன்றைக்கு அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு ஓடிய நினைப்பு இதுதான், இனிமேல் யாரிடம் போய்க் கேட்பேன்.

அடுத்த வீட்டுச் சுலோச்சனா ஆடி அமாவாசைக்கு மறுநாள் வந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாச்சிமுத்தண்ணன அங்க பாத்தனுங்க."

"எங்கீடி?"

"அந்தப் பிராணி கடைலதானுங்க. நாலாம் நம்பர் மேச. பச்சக் கொழம்பு ஊத்தி, ரெண்டாவது தரம் வாங்கிச் சாப்புட்டாருங்க."

"ரெண்டாவது தரமா?"

"ஆமாங்க்கா. நான் என்ற கண்ணால பாத்தன்."

என் வீட்டுக்காரர் அங்கே போனதற்குக்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை, அந்த இரண்டாவது தரம்தான் என்னைக் கொன்றது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போனேன், கதவைத் திறக்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தேன். நாலாம் நம்பர் மேசையில் கழுத்து சாம்பல் நிறமாக ஒரு காக்கை, தட்டின் விளிம்பை அலகால் மூன்று தரம் தட்டியது, குழம்பில் கிடந்த நாரத்தை இலை மாதிரியான இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் அடுக்கியது, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டது. பிராணி பக்கத்தில் போய்க் குனிந்து, "இன்னும் வேணும் கா?" என்று கேட்டாள். அவர் தட்டை அவள் பக்கமாக நகர்த்தினார். நான் வீட்டுக்கு வந்து யோகேஸ்வரனுக்குப் போன் போட்டு, நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். "கட்டின பெண்டாட்டியை மறக்கடிக்கிற கடை. ஒரு ஸ்டார். அதுவும் அதிகம்."

அதனால் ஆவணியில் கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியபோது என் குரல்தான் பெரிய குரலாக இருந்தது. கடையை மூடச் சொல்ல முடியாது, வேண்டுமென்றால் அந்தக் காவை நிறுத்தச் சொல்லலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், அதுதான் சரி, அது ஒன்றுதான் ஆணிவேர் என்று நான் கத்தினேன். லோகநாதன் கை கட்டி நின்று சரிங்க, சரிங்க என்றான். மறுநாளிலிருந்து பிராணி வாசலில் நின்று கை கூப்பினாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கா இல்லாமல் அவளுக்கு ஒரு வாக்கியமும் முடியவில்லை, முடியாத வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது, அதனால் ஊமையாகவே தண்ணீர் வைத்தாள், ஊமையாகவே பரிமாறினாள். காக்கைகள் உள்ளே போகவில்லை. எங்கள் மொட்டை மாடிகளுக்கும் வரவில்லை. கடைக்கு எதிரே இருக்கும் மின்கம்பியில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற வருகிற சொந்தக்காரர்களைப் பார்த்தபடி மூன்று நாள் பட்டினி கிடந்தார்கள்.

நாலாம் நாள் குமரவேலே போய்ப் பிராணியிடம் நின்றான். "எங்கப்பா எளச்சுப் போயிட்டாருங்க, பாக்கவே முடியல. அந்தக் காவச் சொல்லீரு தாயி, மீன் சாஸ் வேணும்னாலும் ஊத்திக்க" என்றான். அவள் சொன்னாள். கம்பி காலியாயிற்று. பெரியவர்களும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டார்கள், சில பேர் போனில் மூன்று நாள் சேவை சரியில்லை என்று எழுதினார்கள், புரட்டாசி அமாவாசைக்கு ஊரே அங்கே மேசை சொல்லி வைத்துக் குடும்பத்தோடு போய்ச் செத்தவர்களோடு உட்கார்ந்து, சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தது. நான் மட்டும் போகவில்லை. என் சோற்றுக்கு அவர் வரவேண்டும், அவர் சோற்றுக்கு நான் போகமாட்டேன் என்று இருந்தேன்.

ஐப்பசியில் அவருக்கு வருசத் திதி வந்தது. யோகேஸ்வரன் ஓசூரிலிருந்து பெண்டாட்டியோடு வந்தான், அவன் மாமனார் வீட்டார் வந்தார்கள், என் வீட்டுக்காரரின் தங்கை மயிலாத்தாள் தன் பக்கத்து ஆட்கள் எட்டுப் பேரோடு வந்தாள், எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு பேர். பொழுது விடிந்ததும் குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவள்தான், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் சமைத்தேன், அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பாசிப்பருப்பு, அவர் அதிகமாகக் கறிவேப்பிலை அடுக்கின ரசம், எள்ளுருண்டை, அதிரசம். யோகேஸ்வரன் பிண்டம் வைத்து முடித்தான், இலையில் எல்லாம் வைத்து மாடிச் சுவரில் கொண்டுபோய் வைத்தோம், காக்கை தொட்டால்தான் வீட்டில் இலை போடலாம். கா, கா என்று யோகேஸ்வரன் கூப்பிட்டான், மருமகள் கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன். ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. குழந்தைகள் அழுதன, சம்பந்தியம்மாள் சர்க்கரை மாத்திரை போட்டவள், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மயிலாத்தாள் மாடிக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்பார்கள்.

"நங்கையா, நான் சொல்றன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே உங்க சோத்த வாய் தொறந்து நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. இப்ப எங்கருந்து வருவாரு? அந்தக் கடைலயே ஒரு பொட்டலம் வாங்கியாந்து வெச்சரலாமுங்க. பசியில எல்லாருக்கும் கண்ணு கட்டுது."

சம்பந்திகள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், முப்பத்தொரு வருசம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது அந்த நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் மாடிப்படி இறங்கினேன், செருப்புக்கூடப் போடாமல் தெருவில் நடந்தேன், ஐப்பசி மழை பெய்து சேறாகக் கிடந்த தெரு, கால் வைத்த இடமெல்லாம் பார்க்காமல் நடந்தேன், பிராணி தாய் உணவகத்தின் கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"சவாதி கா," என்றாள் பிராணி. "உக்காரு கா."

"ஏம்மா, ஊரே கூடிச் சொல்லுச்சில்ல அந்தக் காவ உடுன்னு? எதுக்கு இன்னும் அடுத்தவ புருசனக் கா கான்னு கூப்புடற?"

அவள் பயந்து கை கூப்பினபடி பின்னால் நகர்ந்தாள். "கூப்புடல கா," என்றாள். "நான் கூப்புடல கா."

லோகநாதன் கல்லாவிலிருந்து எழுந்து ஓடி வந்தான். "அக்கா, அது கூப்புடறது இல்லீங்கக்கா. அது அவுங்க பாஷைல மரியாதைங்க. பொம்பளைங்க பேசுனாக் கடைசீல கா போட்டே ஆகோணும், இல்லாட்டி எதுத்துப் பேசற மாதிரி. நம்ம ஊருல வாங்க, போங்க, சரிங்கன்னு ங்க போடறமில்லீங்களா, அந்த ங்கதானுங்க இவளுக்குக் கா."

"இத அன்னைக்கு மண்டபத்துல சொல்றதுக்கு என்ன?"

"யாருங்கக்கா கேட்டீங்க?" என்றான்.

நாலாம் நம்பர் மேசையின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எதிர் நாற்காலியில் அவர் இருந்தார், தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். வா கா, போ கா என்று மரியாதை தெரியாதவள் மாதிரி பேசினவள் வாய்க்கு வாய் மரியாதையைத்தான் போட்டிருக்கிறாள், வாத்தியாரும் மாமியாரும் போர்மேனும் அதை அனுபவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது புரிந்ததும் எனக்கு அடங்க வேண்டிய கோபம் அடங்கவில்லை, எரிந்தது. மரியாதைக்காக இங்கே வந்தாராம். நான் போடாத மரியாதையா? வாங்க என்றேன், உக்காருங்க என்றேன், கை கழுவுங்க என்றேன், உப்புப் பத்துச்சுங்களா என்றேன், இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா என்றேன், தூங்குங்க என்றேன், எந்திரிங்க என்றேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுத் திணறியபோதுகூடப் பயப்படாதீங்க என்றேன், முப்பத்தொரு வருசம் ஒரு நாளைக்கு நூறு ங்க, அத்தனைக்கும் எனக்குத் திரும்பி வந்தது ஏ புள்ள என்கிற ஒன்றுதான். மரியாதை கிடைக்காமல் யாராவது வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஏய்," என்றேன். "நாச்சிமுத்து."

என் வாயிலிருந்து ஒரு நாளும் வராத பேர். அவர் தலையை நிமிர்த்தினார். கடையில் இருந்த மற்றக் காக்கைகளும் தின்பதை நிறுத்தின.

"எந்திரி. அங்க இருவத்திரண்டு பேரு உன்னால பட்டினி கெடக்கறாங்க. வர்றயா, வல்லியா?"

அவர் என்னை ஒரு கண்ணால் பார்த்தார், தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தார். நாற்காலி முதுகில் அந்தப் பக்கம் இரண்டு எட்டு நகர்ந்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தட்டுக்குக் குனிந்தார்.

நான் உட்கார்ந்தேன். தட்டை என் பக்கம் இழுத்தேன். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். விடிந்ததிலிருந்து காய்ந்து கிடந்த வயிறு, திதி வீட்டுக்காரி, காக்கை தொடாமல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதவள், எல்லாம் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருசத்தில் ஒரு வேளைகூட அவருக்கு முன்னால் நான் சாப்பிட்டதில்லை, யோகேஸ்வரன் வயிற்றில் இருந்தபோது பசி கண்ணைக் கட்டினபோதும் அவர் வந்து எழுந்த பிறகு அதே தட்டில்தான் சாப்பிட்டேன். இப்போது அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நான் தின்றேன். முதலில் தேங்காய்ப் பால் இனித்தது, பின்னால் பச்சை மிளகாய் காதில் ஏறியது, அதற்கும் பின்னால் துளசி மாதிரி ஒரு வாசம் மூக்கில் நின்றது, கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயினால்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. அவர் மேசை மேல் இறங்கி ஒரு அடி பக்கத்தில் வந்தார். நான் கையை ஓங்கினேன். நின்றுவிட்டார்.

பிராணி கதவருகில் கை கூப்பினபடி அப்படியே நின்றாள்.

"நல்லா இருக்குதுங்க," என்றேன் அவளிடம். சமைத்தவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், அது இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். "சக்கரதான் ஜாஸ்தி."

அவள் வாயைத் திறந்தாள், கா என்றுகூட வரவில்லை, முந்தானை இல்லாததால் இடுப்பில் கட்டியிருந்த முன்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த ஊரில் இத்தனை மாசத்தில் யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை என்று லோகநாதன் பின்னால் சொன்னான், அவன் உள்பட.

பாதி சாப்பிட்டதும் பசி அடங்கியது. விரலை நக்கிவிட்டுத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"இந்தா. மிச்சமிருக்குது. தின்னு."

அவர் முதலில் தட்டை ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு வந்தார், விளிம்பைத் தட்டவில்லை, என் விரல் பட்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார், தட்டின் நடுவில் நின்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலிலேயே மயிலாத்தாள் நின்றாள், அவளுக்குப் பின்னால் சம்பந்திகள், குழந்தைகள், எல்லோரும்.

"என்னாச்சுங்க நங்கையா? எங்கண்ணன் வந்து தொட்டாருங்களா?"

"தொட்டாரு. எலையப் போடு."

"எதத் தொட்டாரு? நம்ம சோறு மாடியில வெச்சது வெச்சபடி இருக்குது."

"நான் தின்ன மிச்சத்த," என்றேன்.

அவள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. நான் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, ஆண்களுக்கு என்று விரித்திருந்த பாயில் முதல் இலை விழுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, ரசத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.